நீ பார்க்காத தூத்துக்குடி

ஜூட், நேரில் சொல்லத் தொடங்கினால் நீ எழும்பிப் போய்விடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். தூத்துக்குடியில் இருந்து அமலோற்பவம் அக்காவின் மகளுக்குக் கலியாணம் என்று அழைப்பு வந்த அன்று, அதை உன் கையில்தான் முதலில் தந்தேன். வாசித்தாய். மேசையில் வைத்தாய். "நீங்களும் அப்பாவும் போயிட்டு வாங்கோ அம்மா. எனக்கு அந்த ஊரின்ர பேரே கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாய். உன்னில் நான் குறை சொல்லவில்லை. அந்த ஊரில் நீ கண்டது ஒரு வாகனத்தின் கம்பிவலை, ஒரு நீதிமன்ற வாசல், ஒரு சிறை மதில், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு யாராலும் ஒரு ஊரை விரும்ப முடியாது. ஆனால் அதே நாட்களில் நான் அந்த மதிலுக்கு வெளியே இருந்தேன் மகன். அந்தத் தெருக்களில் நடந்தேன், சாப்பிட்டேன், தைத்தேன், ஒருவரோடு தினமும் சண்டை பிடித்தேன். அதை உனக்கு ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லை. இதை உன் கூட்டாளி றிஸ்வானும் வாசிக்கட்டும். பிள்ளையைக் கடலுக்கு அனுப்பிவிட்டு அடுப்படியில் நிற்கிற எந்தத் தாயும் வாசிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

நீயும் றிஸ்வானும் கடலுக்குப் போனது கார்த்திகை வாடைக்காற்றில். "பின்னேரம் வந்திடுவம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். இஞ்சின் நின்றதும், காற்று உங்களைத் தென்மேற்காகத் தள்ளிக்கொண்டு போனதும், படங்குத் துணியை விரித்து மழைத்தண்ணியைப் பிடித்துக் குடித்ததும் நீ பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். கரையில் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், வள்ளம் வரவில்லை. எங்கள் மன்னார்க் கரையில் வங்காலை வள்ளங்கள் எல்லாம் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பின. அப்பா கரையில் போய்க் குந்தினவர், வீட்டுக்கு எழும்பி வரவில்லை. சிலாவத்துறையில் இருந்து றிஸ்வானின் உம்மா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டா. ஒரே அறையில் அவ தஸ்பீஹ் மணியை உருட்டினா, நான் செபமாலையை உருட்டினேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பிறகு மீனவர் சங்கத் தலைவரின் டெலிபோன் கோல் வந்தது. "அக்கா, உயிரோட இருக்கிறாங்கள். ரெண்டு பேரும். இந்தியாவில." அதற்குமேல் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. எல்லைக்கோடு, கரையோரக் காவல், வழக்கு, மறியல் சிறை என்று என்னென்னவோ சொன்னார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். றிஸ்வானின் உம்மா அப்படியே நிலத்தில் நெற்றியை வைத்தா. அந்த நிமிஷத்துக்குப் பிறகு வந்ததெல்லாம் அலைச்சல்தான் ஜூட், பயம் இல்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்காக எத்தனை அரசாங்கக் கந்தோர் வாசலிலும் நிற்கலாம்.

நான் போனதற்குக் காரணம், வீட்டில் எனக்குத்தான் பாஸ்போட் இருந்தது. வேளாங்கண்ணிக்குப் போக எடுத்தது. அப்பாவுக்கு அவசரமாக எடுக்கலாம் என்று சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். "நீ போ. நான் அங்க போனால் வாய் நிக்காது. வலை அறுத்தவங்கட ஊரில நிண்டு பல்லைக் காட்டேலாது என்னால" என்றார். எனக்கு மட்டும் அந்தக் கோபம் இல்லையா? அந்தக் கரையில் இருந்து வருகிற விசைப்படகுகள் எங்கள் வலையைக் கிழித்துக்கொண்டு போன காலையில், ஈயக்குண்டு மட்டும் தொங்கிய கயிற்றை அப்பா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அவர் கையில் இருந்து அதை வாங்கி வைத்தவள் நான்தானே. அந்தக் கோபத்தையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். நீ மழைத்தண்ணியைக் குடித்துக் கிடந்து கடந்த கடலை, விமானம் பட்டியைக் கட்டச் சொல்லி, அவிழ்க்கச் சொல்வதற்குள் கடந்துவிட்டது.

மதுரையில் இறங்கி பஸ் பிடித்து வந்தேன். தூத்துக்குடியை நெருங்கும்போது இரண்டு பக்கமும் உப்பளம். மழைக்காலம் என்றபடியால் பாத்திகளில் தண்ணி நின்றது. உப்புக் குவியல்களைப் பனையோலையால் மூடி வைத்திருந்தார்கள், வரிசையாகக் குடிசைகள் மாதிரி. காற்றில் உப்பும் கருவாடும் மணத்தது. மூக்கு அதை வீட்டு வாசம் என்றது. மனம் விடவில்லை. இது எதிரியின் ஊர், வாயைத் திறக்காதே என்றது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லொட்ஜில் அறை எடுத்தேன். கதைத்தால் சிலோன்காரி என்று தெரிந்துவிடும், பிறகு என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆனால் பசி வந்தால் வாயைத் திறக்கத்தானே வேண்டும். மாதா கோவிலுக்குப் போகிற தெருவில் ஒரு வண்டிக்காரர் கடலை வறுத்துக்கொண்டிருந்தார். "ஒரு சுருள் கச்சான் தாங்கோ" என்றேன். மனுசன் கரண்டியைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தார். "என்னக்கா, வாடை அடிக்கையில கச்சானக் கேக்கிய? அதுக்கு இன்னும் நாளு கெடக்கே!" நான் முழித்தேன். அந்த ஊரில் கச்சான் என்றால் மேல்காற்று மட்டும்தான், கடலை இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "யோவ், அவங்க கடலை கேக்காங்கய்யா. சிலோன்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றுவிட்டு என் பக்கம் திரும்பினா. "எங்கப்பா தோணியில கொழும்புக்குப் போயி வந்தவரு. வீட்டுக்கு வந்தா நாலு நாளைக்கு எங்களுக்கு ஒண்ணும் புரியாது. நாற்காலிய கதிரைம்பாரு, கடலைய கச்சாம்பாரு. எங்கிருந்து வாரிய? எங்க தங்கியிருக்கிய?"

அவதான் அமலோற்பவம் அக்கா. சொல்ல நினைக்கவில்லை, ஆனால் சொல்லிவிட்டேன். நடுத்தெருவில் ஒரு கையில் கடலைச் சுருளோடு, என் பிள்ளை இங்கே மறியலில் இருக்கிறான் என்று ஒரு அந்நியப் பெண்ணிடம் சொன்னேன். அவ என் கையைப் பிடித்தா. லொட்ஜுக்குக் கூட்டிக்கொண்டு போய் என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டா. "பொம்பள தனியா லாட்ஜுல கெடக்கவா? நடங்க வீட்டுக்கு."

வீட்டின் முன் அறையே அவவின் தையல் கடை. நத்தார்ப் பண்டிகை நெருங்கிய நேரம், வெட்டாத துணி கூரை முட்ட அடுக்கியிருந்தது. எனக்கு அந்த இடத்தில் மூச்சு வந்தது. நானும் தையற்காரிதான் என்றேன். "மாதாவே அனுப்பியிருக்கா" என்று சொல்லி இரண்டாவது மெஷினைக் காட்டினா. அதில் அவவின் மகள் ஜெனிலா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தான் இப்போது கலியாணம். நீதிமன்றத்தில் உன் வழக்குத் தவணை இல்லாத நாளெல்லாம் நான் அந்த மெஷினில் இருந்தேன். தூத்துக்குடிப் பிள்ளைகள் அந்த வருஷம் நத்தாருக்கு உடுத்த சட்டையில் பாதி உன் அம்மா தைத்தது.

சாப்பாட்டு நேரத்தில்தான் விஷயம் தெரிந்தது. அக்காவின் புருஷன் அருள் அண்ணன் விசைப்படகு ஓட்டுகிறவர். கேட்டதும் நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டேன். "உங்கட படகுகள்தான் எங்கட வலையை அறுக்கிறது. என்ர மனுசன் கடனாளியானது உங்களால. உங்கட சோறு எனக்கு இறங்காது" என்றேன். ஜெனிலா கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்திருந்தாள். அருள் அண்ணன் நான் தள்ளிய கோப்பையைத் திரும்ப என் முன்னால் நகர்த்தினார். பிறகு, "நான் அந்தப் பக்கம் வாரதில்ல. இந்த ஊருப் படகு காலைல போயி பொழுதோட வந்துரும். ஆனா வாரவன் எங்காளுவதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். நீங்க ஏசணும்னா ஏசுங்க. சாப்பிட்டுட்டு ஏசுங்க" என்றார்.

சாப்பிட்டேன். பிறகு ஏசினேன். அன்றைக்கு மட்டுமில்லை, அங்கே இருந்த காலம் முழுக்க. அவர் டீசல் விலை, கடன், குறைந்துபோன மீன் என்று சொல்வார். நான் கிழிந்த வலை, அள்ளிக்கொண்டு போகிற குஞ்சு மீன் என்று சொல்வேன். கடைசி நாள் வரைக்கும் நாங்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் வழக்குத் தவணை என்றால் அவர் கடலுக்குப் போகமாட்டார். விடிய வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். சின்ன வயது வக்கீல் ஒருவரைத் தேடிப் பிடித்தது அவர்தான். இஞ்சின் நின்றால் அந்தக் காற்றுக்கு வள்ளம் எங்கே ஒதுங்கும் என்று அந்த வக்கீல் பிள்ளைக்குக் கடல் வரைபடத்தில் கோடு போட்டு விளங்கப்படுத்தியதும் அவர்தான். கோபித்துக்கொண்டே ஒருவருக்கு உதவலாம் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தியில் பெரியது அதுதான் என்று நினைக்கிறேன். யாரோடும் ஒத்துப்போன பிறகுதான் பழகவேண்டும் என்று காத்திராதே. அப்படிக் காத்திருந்தால் அப்பாவும் நானும் இன்னும் கலியாணம் கட்டியிருக்கமாட்டோம்.

அந்த ஊரைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் நீதிமன்றத்துக்குப் போய் வருகிற வழியில் அருள் அண்ணன் காட்டியதுதான். பாண்டியர் காலத்து முத்துத் துறை கொற்கை அங்கேதான், பக்கத்தில். ஆறு மண்ணைக் கொட்டக் கொட்டக் கடல் விலகிப்போனதாம். கடல் போன பக்கமே சனமும் வந்து தூத்துக்குடியில் நின்றதாம். பிறகு பறங்கி வந்தான், ஒல்லாந்தன் வந்தான், வெள்ளைக்காரன் வந்தான். எங்கள் மன்னாருக்கு வந்த அதே ஆட்கள், அதே ஒழுங்கில். மாதா கோவில் பக்கத்துக் கடைப் பலகைகளில் குரூஸ், பர்னாந்து, வாஸ் என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோது, வங்காலைக் கோவில் திருநாளுக்கு வந்த மாதிரி இருந்தது. வெள்ளைக்காரன் கப்பலுக்குப் போட்டியாகக் கொழும்புக்குச் சொந்தக் கப்பல் விட்டு, பிறகு சிறைக்கும் போன மனிதரைப் பற்றி அவர்கள் சொந்தச் சித்தப்பாவைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறார்கள். மலையகத்துத் தேயிலைக்குக் கூட்டிப்போன சனத்தில் ஒரு பகுதியும் அந்தக் கரையில்தான் கப்பலேறியது. "கொழும்பு எங்களுக்கு மெட்ராஸ விடக் கிட்ட அக்கா" என்றார் அண்ணன். சாப்பிட்டியளா, வந்தியளா என்றுதான் அவர்களும் கேட்கிறார்கள். எங்கள் சாப்பிட்டியளோவில் கடைசி எழுத்து ஒன்றுதான் வேறு.

ஒருநாள் கடற்கரை வீதியில் நடக்கும்போது, நாங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டார். வங்காலை, பிள்ளையின் கூட்டாளி சிலாவத்துறை என்றேன். மனுசன் நின்றுவிட்டார். "செலாவத்துறையா? எங்க தாத்தாவோட தாத்தா அங்கதான முத்துக்கு முங்குனாரு!" பிறகு அரிப்பு, மறிச்சுக்கட்டி என்று வரிசையாகச் சொன்னார், ஒரு நாளும் வந்து பார்க்காத இடங்களை. முத்துக்குளிப்பு என்று அறிவித்தால் இங்கிருந்து வள்ளம் வள்ளமாகப் போவார்களாம். வெறும் மணலில் ஒரு பட்டினமே எழும்புமாம், கடைகளும் தொழுகைக்கு இடமும் பூசைக்குக் கொட்டகையுமாக. குளிப்பு முடிந்தால் கம்பும் தென்னோலைக் கிடுகும்தான் மிஞ்சுமாம். என் வாழ்க்கை முழுக்க நான் பஸ்ஸில் கடந்துபோன அந்த வெட்டைவெளி, ஒரு அந்நியரின் வாயில் அவர் குடும்பச் சொத்தாக இருந்தது. தூத்துக்குடி முத்தை நம்பியது, முத்துப் போனது. பஞ்சுக்குப் போனது, உப்புக்குப் போனது, துறைமுகம் கட்டியது. கைவிட்ட கடலோடு கோபித்துக்கொண்டு போகவுமில்லை, போனதை நினைத்துக் குந்தியிருக்கவுமில்லை. நீ வீடு வந்த நாளில் இருந்து வள்ளத்தைத் தொடாமல் கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருக்கிறாய். அதில் ஒரு வெட்கமும் இல்லை ராசா. வேறு தொழிலுக்குப் போனாலும் நீ என் பிள்ளைதான். பயத்தினால் மட்டும் ஒன்றை விட்டுவிடாதே, அவ்வளவுதான் நான் கேட்பது.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நீ அந்த ஊரைப் பற்றி என்னிடம் சொன்னது ஒரே ஒரு வசனம். முதல் தவணைக்கு உங்களை நீதிமன்ற வாசலில் வாகனத்தில் இருந்து இறக்கியபோது, முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடையில் சனம் எழும்பி நின்று பார்த்தது. "கள்ளனைப் பாக்கிற மாதிரிப் பாத்தாங்கள் அம்மா" என்றாய். நீ தலையைக் குனிந்துகொண்டு போனாய். உனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் அந்தச் சனத்துக்குள்தான் நின்றேன். எனக்கு எல்லாம் கேட்டது.

ஒரு ஓட்டோக்காரர், "யாரு, சிலோன் பயலுவளா?" என்று கேட்டார். "எஞ்சின் நின்னு காத்துல வந்துட்டானுவளாம். எத்தன நாளு கெடந்தானுவளோ" என்றார் மற்றவர். மீன் கூடையோடு நின்ற ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தா. "ஏ ஆத்தா, கண்ணு உள்ள போயிக் கெடக்கே. சின்னப் புள்ளையளா இருக்காவளே. போலீஸ்காரத் தம்பி! அந்தப் புள்ளையளுக்கு ஒரு டீயாச்சும் வாங்கிக் குடுங்கய்யா!" என்று சத்தம் போட்டா. பொலிஸ்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கடைக்காரர் இரண்டு கிளாஸ் தேத்தண்ணியும் பன்னும் தட்டில் வைத்துப் பெடியன் ஒருவனிடம் உள்ளே கொடுத்தனுப்பினார். நீ அன்றைக்கு உள்ளே வாங்குப் பலகையில் இருந்து குடித்தாயே, அந்தத் தேத்தண்ணி. அது பொலிஸ் தந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த மீன்காரப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. நான் தாய் என்று அவவுக்கும் தெரியாது. என் பக்கத்தில் நின்றுகொண்டு, "இவன பெத்தவ எங்க கெடந்து அழுதாளோ" என்று தன் முந்தானையால் கண்ணைத் துடைத்தா. நான் அவவின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அவர்கள் எழும்பி நின்றது உண்மை, ஜூட். உன்னைக் கள்ளனாகப் பார்க்க இல்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நீங்கள் குற்றம் ஒன்றும் செய்யவில்லை, காற்றுத்தான் கொண்டுவந்தது என்று தீர்ப்பானது. அருள் அண்ணன் நீதிமன்றம் என்றும் பார்க்காமல் கையைத் தட்டி ஏச்சு வாங்கினார். உங்களைக் கடல் எல்லையில் வைத்து எங்கள் கடற்படையிடம் கையளித்தார்கள். நான் பின்னால் விமானத்தில் வந்து சேர்ந்தேன். வீட்டு வாசலுக்கு வரும்போது நல்ல மத்தியானம். நீ முன் அறையில் பாயில் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. அப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டு, உன் முகத்தில் மொய்க்கிற இலையானைக் கலைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "சத்தம் போடாதே" என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான் வரவேற்பு. நான் பெட்டியைக் கூட இறக்கி வைக்காமல் நின்று, உன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். என் முதுகில் இருந்து ஏதோ இறங்கிப் போனது. அதற்குப் பிறகு எனக்கு இடுப்பு வலிகூடக் குறைந்துவிட்டது, சொன்னால் நீ சிரிப்பாய்.

கலியாணத்துக்கு நான் போவேன். ஜெனிலாவின் உடுப்பை நான் தைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அப்பாவும் பாஸ்போட் எடுத்துவிட்டார், வலைக் கதையை அருள் அண்ணனிடம் தானே நேரில் கேட்கப்போகிறாராம். நீ வராவிட்டால் நான் வருந்தமாட்டேன். உன் மேல் அங்கே வழக்கு ஒன்றும் நிற்கவில்லை, வரத் தடையில்லை என்று வக்கீல் பிள்ளை சொன்னதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

இவ்வளவையும் எழுதி முடித்தது நேற்று. உன் தலையணைக்குக் கீழே வைக்கலாம் என்று இருந்தேன். இன்று காலை எழும்பினால் நீ இல்லை. "றிஸ்வான் வந்தவன். ரெண்டு பேரும் வள்ளத்தை இறக்கிக்கொண்டு போயிட்டாங்கள்" என்று அப்பா சொன்னார், சாதாரணமாகச் சொல்லப் பார்த்தார், முடியவில்லை. நான் கரைக்கு வரவில்லை. அரிசியைக் கழுவினேன். கழுவிய அரிசியைத் திரும்பவும் கழுவினேன். வெயில் ஏறிய நேரம் வாசல் படலைச் சத்தம் கேட்டது. நீ மீன் பையை முற்றத்தில் போட்டுவிட்டு, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாய்.

"அம்மா, அங்க கலியாணத்துக்கு ஆம்பிளையள் என்ன உடுக்கிறவை?"

பதிலை உள்ளே வந்து இதிலேயே எழுதுகிறேன், இப்போது உன் கையில் தருவேன். வெள்ளை வேட்டியும் சட்டையும்தான் மகன். சட்டையை நானே தைக்கிறேன். கையைத் துடைத்துக்கொண்டு வா, அளவெடுக்கவேணும்.